கிழிக்காத பொட்டலம்

விடியற்காலை ஐந்து மணிக்கு, முன்பின் தெரியாத ஒரு ஆள் குளத்தங்கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு உங்கள் பக்கமாகக் கேமராவை நீட்டினால் நீங்கள் என்னதான் நினைப்பீர்கள்?

சரோஜா நினைத்தது ஒன்றே ஒன்றுதான். மாட்டிக்கொண்டோம்.

அவள் அப்போது முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். இடது கையில் பிளாஸ்டிக் பேசின். பேசினுக்குள் உப்பு மிளகுப் பொட்டலங்கள். கோரைக்கு அந்தப் பக்கம் ஏதோ பளபளத்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஒரு கண்ணாடிச் சில்லு, அதற்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை.

"அப்படியே நில்லுங்கம்மா! அசையாதீங்க!" என்று அந்தத் தலை கிசுகிசுத்தது.

அசைய எங்கே முடிந்தது? கால் இரண்டும் சேற்றில் வேர்விட்ட மாதிரி ஆகிவிட்டது. டிக் டிக் டிக் என்று கேமரா சத்தம். பிறகு அந்த ஆள் பெருமூச்சு விட்டு, "ஆச்சும்மா. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார்.

எந்த வேலையை என்று சொல்லவில்லை. சரோஜா பேசினை இடுப்போடு மறைத்துக்கொண்டு கரையேறினாள்.

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது கன்னிமார் கோயில். கோயிலை ஒட்டிக் குளம். கன்னிமார் குளம் என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் முழிப்பார்கள். பாலுண்ணிக் குளம் என்றால் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். உடம்பில் மருவோ பாலுண்ணியோ வந்தவர்கள் உப்பும் மிளகும் வாங்கி, மூன்று தரம் தலையைச் சுற்றி, இந்தக் குளத்தில் போடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரையும் என்பது நம்பிக்கை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற ஜனத்தில் கால்வாசி இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்துவிட்டுத்தான் போகும்.

அந்த உப்பும் மிளகும் விற்பது சரோஜாதான். படித்துறைக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போட்ட கடை. புருஷன் போய் ஏழு வருஷமாகிறது. மகள் இனியா டவுனில் காலேஜ் இரண்டாம் வருஷம். இரண்டு பேருக்கும் சோறு போடுவது அந்தத் தார்ப்பாய்தான். கோயில் இடம், கோயில் தர்மகர்த்தா கருப்பன் வாய் வார்த்தையாகக் கொடுத்தது. வாய் வார்த்தையாகவே எடுத்துக்கொள்ளவும் அவரால் முடியும். சரோஜாவுக்கு முன்னால் அங்கே கடை வைத்திருந்தவன் சாமிக்குச் சாத்தின எலுமிச்சை மாலையைக் கழற்றிப் பிரித்து மறுபடி விற்றான் என்று தெரிந்தது. காலையில் தெரிந்தது, மத்தியானத்துக்குள் அவன் பலகை தெருவில் கிடந்தது. "கன்னிமாருக்குப் போட்டது கன்னிமாருக்கு. அதுல கை வெச்சா அவன் எவனா இருந்தாலும் சரி" என்று கருப்பன் அன்றைக்குச் சொன்னதை ஊரே கேட்டது. சரோஜாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு எப்படி இந்த வேலையில் இறங்கினாள்? எல்லாம் அவளுடைய கைவாகினால் வந்தது. பிளாஸ்டிக் கவரில் உப்பும் மிளகும் போட்டு, வாயை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்து ஒட்டுவாள். உள்ளே கொஞ்சம் காற்று நிற்கும். பௌர்ணமிக் கூட்டத்தில் நெரிசல் தாங்காமல் பாதிப் பேர் கவரைக் கிழிக்காமலே தலையைச் சுற்றி விட்டெறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். காற்று இருப்பதால் பொட்டலம் மிதக்கும். மலைக்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் வடகிழக்கு மூலையில், கோரைக்குள் சேர்க்கும். ஒரு ராத்திரி தாங்கும். வெயில் ஏறினால் ஒட்டு விட்டுவிடும்.

வெயில் ஏறுவதற்குள் சரோஜா இறங்கிவிடுவாள். துடைத்து, கடைக்குப் பின்னால் சாக்கு விரித்து உலர்த்தி, அடுத்த பௌர்ணமிக்கு வைத்துக்கொள்வாள். கிழித்த பொட்டலத்தை அவள் தொட்டதே இல்லை. அதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. கிழித்தால்தானே உப்பு கரையும்? கரைந்தால்தானே கன்னிமாருக்குப் போய்ச் சேரும்? போய்ச் சேராததை எடுத்தால் அது சாமி சொத்தா? இதை அவள் யாரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை. சொன்னால் கருப்பன் ஒத்துக்கொள்வாரா என்று சந்தேகம் இருந்ததால்தான் ஐந்து மணிக்கு இறங்கினாள்.

அந்த வழுக்கைத் தலை ஆளின் பேர் கோதண்டராமன். கீழ்பென்னாத்தூர்க்காரர். ஸ்கூல் குரூப் போட்டோ எடுக்கிறவர். ஆடி மாதம் ஒரு பழைய மொபெட்டில் வந்து இறங்கியவர், அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வர ஆரம்பித்தார். ஒரு கோணியை விரிப்பார், குப்புறப் படுப்பார். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, ஒரு கரண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ஆறு அங்குல ஸ்கேல். கரண்டியால் தண்ணீரை மொண்டு தட்டில் ஊற்றுவார், ஸ்கேலைப் பக்கத்தில் வைப்பார், படம் எடுப்பார், திரும்பக் குளத்திலேயே ஊற்றுவார். பிறகு ஒரு நோட்டில் என்னவோ எழுதுவார்.

எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கிற பாலாஜிக்கு இது நல்ல தீனி.

"அக்கா, அந்த ஆளு இன்னா அளக்கறாரு தெரியுமா?"

"எனக்கின்னா தெரியும்? உன் கடையிலதான டீ குடிக்கறாரு, நீ கேளு."

"கேட்டேனே. தலப்பிரட்டைய அளக்கறேன்றாரு. யாராவது நம்புவாங்களா? பொட்ரோல் போட்டுக்கினு கீழ்பென்னாத்தூர்லேர்ந்து தலப்பிரட்டை அளக்க வருவானா ஒருத்தன்?"

"பொட்ரோல் இல்லடா, பெட்ரோல்."

"ஏதோ ஒண்ணு. எனக்குத் தெரிஞ்சு இவரு ஆபீஸ் ஆளு. வேவு பாக்க வந்திருக்காரு. கோயில் இடத்துல யார் யாரு இன்னா பண்றாங்கன்னு மேல எழுதிப் போடுவாரு பாரு."

பாலாஜி வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவனுக்கு அது பொழுதுபோக்கு. சரோஜாவுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் அந்த ஆளே கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. பொட்டலம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டை விரலால் தடவினார்.

"நல்லா ஒட்டியிருக்கீங்கம்மா. இது தண்ணியில எத்தன மணி நேரம் தாங்கும்?"

சரோஜாவின் காதுக்குள் கொய்ங் என்றது. "கிழிச்சிதாங்க போடணும். கிழிக்காம போட்டா பலிக்காது. போர்டே எழுதி வெச்சிருக்கேன் பாருங்க."

"பாத்தேன். ஆனா ஜாஸ்தி பேரு கிழிக்கறதில்லையே." அவர் சிரித்தார். "அந்த மூலையிலதான எல்லாம் போய் ஒதுங்குது?"

"எந்த மூலை?"

"நீங்க இறங்கற மூலைதாம்மா."

"நான் பேசின் கழுவ இறங்குவேன்."

"ஆமாமா" என்றார் கோதண்டராமன். பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். "அடுத்த பௌர்ணமிக்கும் கழுவுவீங்க இல்ல?"

இதை அவர் எப்படிக் கேட்டார் என்று சரோஜா பிறகு நூறு தடவை நினைத்துப் பார்த்தாள். மிரட்டுகிற மாதிரியும் இல்லை, கேலி மாதிரியும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். சாதாரணமாகக் கேட்கிறவன்தான் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆவணிப் பௌர்ணமி வந்தது. போகலாமா வேண்டாமா என்று அவள் படுக்கையில் புரண்டாள். கடைசியில் போனாள். கோரைக்கு அந்தப் பக்கம் கோணி விரித்துத் தயாராகப் படுத்திருந்தார் அவர். "வாங்கம்மா" என்று வேறு சொன்னார். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி. திரும்பிப் போனால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவள் இறங்கி, வேகவேகமாக எடுத்து, வேகவேகமாக ஏறினாள். முதுகில் கேமரா ஊர்வது போலவே இருந்தது.

அதற்கப்புறம் இனியாவை ஏவினாள். கோதண்டராமன் டீ குடிக்கப் போகிற நேரம், கோணியில் கிடந்த நோட்டை இனியா புரட்டி, போனில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"படிடி."

"ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள்னு போட்டிருக்குமா. கடைக்கார அம்மா அஞ்சு பத்துக்கு இறங்கினார். அஞ்சு அம்பதுக்கு ஏறினார். வடகிழக்கு மூலை சுத்தம். தலைப்பிரட்டை ஏறக்குறைய நானூறு. தெற்கு மூலையில் ஒன்றுகூட இல்லை."

"திரும்பப் படி."

"எத்தன தடவ படிக்கறது? மா, அவரு நெஜமாவே பூச்சி பாக்கற ஆளுதான். நீதான் நடுவுல போயி போட்டோல நிக்கற."

"பூச்சி பாக்கறவனுக்கு என் டைம் எதுக்குடி? நான் எறங்கின நேரம், ஏறின நேரம்... போலீஸ் ஸ்டேஷன்ல எழுதற மாதிரி எழுதி வெச்சிருக்கான். பூச்சியாம் பூச்சி."

"அப்ப நேரா போயி கேளேன்."

"கேட்டா?"

"கேட்டா சொல்லுவாரு."

"பொய் சொல்லுவான்" என்றாள் சரோஜா.

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று இனியா போனைப் பார்க்கப் போய்விட்டாள். சரோஜா மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு ஒட்ட உட்கார்ந்தாள். ஒட்டினதெல்லாம் கோணலாக வந்தது.

புரட்டாசிப் பௌர்ணமிக்கு முதல் நாள் அவள் கருப்பன் வீட்டுக்குப் போனாள்.

"கருப்பண்ணா, ஒரு விஷயம். அந்தக் கேமராக்காரன் இருக்கான் இல்ல..."

"யாரு, தலப்பிரட்டையா? நல்ல மனுஷனாச்சே. பாக்கறப்பல்லாம் கும்பிடறான்."

"கும்புடுவான். பொம்பளைங்க குளிக்கற படித்துறைப் பக்கமா கேமராவத் திருப்பறான்ணா."

சொல்லி முடித்ததும் அவள் கருப்பனின் முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏனென்றால் அந்த ஆள் ஒரு நாளும் படித்துறைப் பக்கம் திரும்பியதில்லை. முதுகைக் காட்டித்தான் படுப்பார். அது அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. மூன்று மாதமாக அவரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது அவள்தானே.

கருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு வரட்டும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். பௌர்ணமிக் கூட்டம் இன்னும் சேரவில்லை. கோதண்டராமன் கோணியில் படுத்திருந்தார். கருப்பன் போய் நின்றார், பின்னாலேயே பாலாஜி. துணி துவைத்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் ஈரக் கையோடு வந்து சூழ்ந்தார்கள். சரோஜா கடையை விட்டு வர மாட்டேன் என்று பின்வாங்க, பாலாஜி, "நீதானக்கா சொன்ன, வா" என்று இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"யோவ், எழுந்திரு. அந்தக் கேமராவுல இருக்கறதெல்லாம் காட்டு" என்றார் கருப்பன்.

கோதண்டராமன் எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் புல் ஒட்டியிருந்தது. விஷயம் என்ன என்று ஒருத்தி சொன்னதும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. கேமராவைத் திருப்பி, பின்னால் இருக்கிற சின்னத் திரையைக் கருப்பனுக்குக் காட்டி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"இது இன்னாயா?"

"தலைப்பிரட்டைங்க."

"இது?"

"அதுவேதாங்க. பின்னங்கால் வந்துட்டுது பாருங்க."

"இது?"

"அதே ஆளுதான். மறுநாள்."

"என் புள்ளைக்கே இத்தன போட்டோ எடுத்ததில்லடி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

தட்டான், தண்ணீர்மேல் நடக்கிற பூச்சி, நத்தை, மறுபடி தலைப்பிரட்டை. ஒரு பாம்புக் குட்டி வந்தது, பெண்கள் அய்யோ என்றார்கள். மறுபடி தலைப்பிரட்டை. கருப்பனுக்குக் கொட்டாவி வந்தது. சரோஜா மட்டும் ஒவ்வொரு தள்ளலையும் எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்தது நான், அடுத்தது நான்.

வந்தேவிட்டது. பேசின் விளிம்பில் ஒரு சிவப்புத் தட்டான் உட்கார்ந்திருக்கிறது. அதன் இறக்கை ஒவ்வொரு நரம்பாகத் தெரிகிறது. பின்னால், கொஞ்சம் மங்கலாக, சரோஜா. முகம் தெரிகிறது. பேசின் நிறையப் பொட்டலமும் தெரிகிறது.

"இது நம்ம சரோஜா இல்ல?"

"அவங்கதாங்க." கோதண்டராமனின் கட்டைவிரல் சட்டென்று இரண்டு தடவை தள்ளியது. இரண்டே இரண்டு. மறுபடி தலைப்பிரட்டை வந்துவிட்டது. வேறு யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. சரோஜா கவனித்தாள்.

"அவ எதுக்கு உன் போட்டோல?"

"உங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேங்க. இந்தக் குளத்துல தெற்கு மூலை, மேற்கு மூலை எதுலயும் ஒரு உசுரும் இல்ல. அந்த உப்ப அதுங்க தாங்க மாட்டேங்குது. இந்த வடகிழக்கு மூலையில மட்டும் நானூறு, ஐந்நூறு தலைப்பிரட்டை இருக்கு. எதனாலன்னா இந்தம்மாவால. பௌர்ணமிக்கு மறுநாள் ஊர் எழுந்துக்கறதுக்கு முந்தி எறங்கி, மெதக்கற பொட்டலத்த ஒண்ணு விடாம பொறுக்கிடறாங்க. இவங்க ஒரு தரம் வரலன்னா இந்த மூலையும் போச்சு. நான் நேரம் போட்டு எழுதி வெச்சிருக்கேன்." அவர் நோட்டை நீட்டினார்.

கருப்பன் நோட்டை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, திரும்பி சரோஜாவைப் பார்த்த பார்வையில் ஈரம் இருந்தது. "ஏம்மா, ஒரு வார்த்த சொல்லலியே நீ! சத்தமில்லாம கன்னிமார் குளத்தச் சுத்தம் பண்ணிக்கினு இருந்திருக்க. பாலாஜி, நாளைக்குக் காலைல எல்லாரும் வரணும். நான் ஒரு பொன்னாடை எடுத்தாரேன். எல்லாரும் பாக்க அவ எறங்கட்டும். நாலு பேருக்குத் தெரியட்டும்."

பாலாஜி தலையை ஆட்டினான். ஆனால் அவன் கண் இன்னும் கேமராவில் இருந்தது. "பொறுக்கின பொட்டலத்தலாம் எங்கக்கா போடுவ?"

"குப்பைத் தொட்டியில."

"எந்தக் குப்பைத் தொட்டி? என் கடை வாசல்ல இருக்கறது ஒண்ணுதான். நான்தான தினம் வண்டிக்காரன்கிட்ட தூக்கித் தரேன். ஒரு பொட்டலம் பாத்ததில்லையே."

"உன் கண்ணுக்கு எதுதாண்டா பட்டிருக்கு? டீயில ஈ கெடக்கறதே படல" என்றாள் சரோஜா. பெண்கள் மறுபடி சிரித்தார்கள். பாலாஜியும் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

கருப்பன் தொண்டையைச் செருமினார். "சரி. போட்டோல தப்பா ஒண்ணும் இல்ல. ஆனாலும் பொம்பளைங்க புழங்கற எடம், பேச்சு வந்துட்டுது. சரோஜா, நீதான் சொன்னவ, நீயே ஒரு வார்த்த சொல்லு. இந்த ஆளு இங்க வரலாமா, கூடாதா? நீ இன்னா சொல்றியோ அதுதான். நான் கற்பூரம் காட்டிட்டு வரேன், அதுக்குள்ள யோசி."

கோயில் மணி அடித்தது. பெண்கள் துணியிடம் போனார்கள். பாலாஜி பாலைப் பார்க்கப் போனான். கோணிக்குப் பக்கத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"தாண்டி விட்டீங்களே, ரெண்டு போட்டோ. அதக் காட்டுங்க" என்றாள் சரோஜா.

கோதண்டராமன் பின்னால் தள்ளிக் காட்டினார். ஒன்றில், கடைக்குப் பின்னால் சாக்கில் பொட்டலங்கள் வரிசையாக உலர்கின்றன. ஒரு ஓணான் அவற்றின் நடுவில் நிற்கிறது. இன்னொன்றில், அதே ஓணான், கிட்டத்தில். அதற்குப் பின்னால் பொட்டலத்தைத் துடைக்கிற ஒரு கை. சரோஜாவின் கண்ணாடி வளையல்.

"ஏன் காட்டல?"

"அது என் விஷயம் இல்லீங்க. நான் ஓணானுக்குத்தான் எடுத்தேன்."

"அழிங்க."

அவர் பொத்தானை அழுத்தினார். ஒன்று, இரண்டு. போய்விட்டது.

"வீட்ல காப்பி இருக்கா?"

"இருக்குமா. கம்ப்யூட்டர்ல எல்லாமே இருக்கும். போய் அழிச்சிடறேன்."

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். இருக்கிறது என்று சொன்னதால் இன்னும் பயந்தாள். அழிக்கிறேன் என்கிறான். அழித்தானா இல்லையா என்று கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போய் யார் பார்ப்பது?

"உங்களுக்கு இன்னாதான் வேணும்?" என்று கேட்டாள்.

"எனக்கா?" அவர் குளத்தைப் பார்த்தார். "கால் நாலும் வந்துட்டுதும்மா அதுங்களுக்கு. வால் மட்டும் இன்னும் இருக்கு. நாளைக்கு இல்லன்னா நாளான்னைக்குக் கரையேறிடும். பாதி உடம்பு தண்ணியில, பாதி வெளிய, வாலோட. அந்த ஒரு படம்தான் என்கிட்ட இல்ல. அதுக்குதான் மூணு மாசமா வயித்துல கல்லு குத்தப் படுத்துக் கெடக்கேன். ஆயிரக்கணக்குல புள்ளைங்கள சிரி சிரின்னு கெஞ்சி எடுத்தாச்சு. இதுங்ககிட்ட கெஞ்ச முடியாது. வர்ற நேரத்துல நான் இருக்கணும், அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. நாளைக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடி எறங்குங்க. புரட்டாசிக் கூட்டம், ஜாஸ்தி விழும்."

சரோஜா அவர் முகத்தையே பார்த்தாள். உண்மை பேசுகிற முகம் மாதிரிதான் இருந்தது. பொய் பேசுகிற முகமும் அப்படித்தான் இருக்கும். நாளைக்கு எல்லோர் முன்னாலும் அவள் இறங்கும்போது இந்தக் கேமராவும் இருக்கும். பாலாஜியும் இருப்பான். பாலாஜி இந்த ஆளிடம் டீயைக் கொடுத்துக்கொண்டே, "சார், அன்னைக்கு ரெண்டு போட்டோ தாண்டி விட்டீங்களே" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவள் பார்த்த மாதிரி அவனும் பார்த்திருந்தால்? இந்த ஆள் பொய் சொல்லத் தெரியாதவர். காப்பி இருக்கிறதா என்று கேட்டதற்கே இருக்கிறது என்றவர்.

கருப்பன் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்தார்.

"இன்னா சரோஜா? வரலாமா?"

கோதண்டராமன் அவளைப் பார்த்தார். அவள் வரலாம் என்றுதான் சொல்வாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தட்டையும் கரண்டியையும் கோணியில் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டே பார்த்தார்.

"வேணாம்ணா" என்றாள் சரோஜா.

கரண்டி அப்படியே கையில் நின்றது.

"நெஜமாவே படித்துறைப் பக்கம் திருப்பினானா?" என்று கருப்பன் தணிந்த குரலில் கேட்டார்.

"எனக்கு எதுக்குண்ணா வம்பு. வயசுப் பொண்ணுங்க வர்ற எடம். கேமரா வேணாம்."

கருப்பன் அந்தப் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினீங்க இல்ல? நாளைலேர்ந்து வராதீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கோதண்டராமன் தட்டில் இருந்த தண்ணீரைக் குளத்தில் ஊற்றினார். கோணியைச் சுருட்டினார். மொபெட் நாலு உதைக்கு அப்புறம்தான் கிளம்பியது. அந்த நாலு உதை வரைக்கும் சரோஜா குனிந்து பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கருப்பன் பொன்னாடையோடு வந்தார். இருபது பேர் கூடியிருந்தார்கள். சரோஜா வடகிழக்கு மூலையில் இறங்கி, மிதந்த பொட்டலங்களை ஒன்று விடாமல் எடுத்தாள். பாலாஜி கரையில் நின்று ஒவ்வொரு பேசினாக வாங்கி, தன் கையாலேயே குப்பை வண்டியில் கொட்டினான். கோதண்டராமன் வரவில்லை. கடைசிப் பேசினின் விளிம்பில் நகத்தளவு தவளை ஒன்று வாலோடு ஏறி உட்கார்ந்திருந்தது. சரோஜா அதைப் பார்த்தாள். பேசின் விளிம்பைச் சாய்த்து அதைத் தண்ணீரில் விட்டாள். கரையேறினாள், கருப்பன் பொன்னாடை போர்த்தினார், ஆறரை மணிக்குக் கடையைத் திறந்தாள்.